லுத்விக் ஹிர்ஷ்ஃபெல்ட்: வார்சா கெட்டோவில் ஒரு மருத்துவக் குடும்பம்

ஏ, பி, ஏபி, ஓ. பள்ளி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் ரத்ததான முகாமிலும் நாம் அன்றாடம் பார்க்கிற இந்த எழுத்துகளுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. மனித ரத்தத்தில் வகைகள் உண்டு என்று 1901இல் எடுத்துக்காட்டியவர் வியன்னாவின் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அந்த வகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்கான விதிப்படி இறங்குகின்றன என்று நிறுவிய இருவரில் ஒருவர், போலந்து நாட்டு யூத மருத்துவர் லுத்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். இன்று உலகம் முழுவதும் வழங்கும் எழுத்துப் பெயர்களை வகுத்தவர்களும் அந்த இருவரே. 1928இல் சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு அந்தப் பெயர்களைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது.

அதே ஹிர்ஷ்ஃபெல்ட், 1941 பிப்ரவரியில், யூத ரத்தத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டு, மனைவியோடும் ஒரே மகளோடும், ஜெர்மன் ஆக்கிரமிப்பு அரசு யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவின் மதிலுக்குள் தள்ளப்பட்டார். ரத்தத்தைப் பற்றி ஐரோப்பாவில் மிக நுட்பமாக அறிந்திருந்த சிலரில் அவர் ஒருவர். தம்மை அடைத்தவர்கள் பேசிய ‘ரத்தம்’ எந்தச் சோதனைக் குழாயிலும் அகப்படாத கற்பனை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்திருந்ததால் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனாலும் மதிலுக்குள் நுழைந்த பிறகு அவர் விஞ்ஞானியாக இருப்பதை நிறுத்தவில்லை. ஓர் அரசு, மக்களை ஒழிப்பதற்கு மருத்துவத்தின் மொழியையே கருவியாக எடுத்துக்கொள்ளும்போது மருத்துவர் என்ன செய்ய முடியும்? ஹிர்ஷ்ஃபெல்ட் குடும்பத்தின் வரலாறு இந்தக் கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகிறது.

ஹைடல்பெர்க்கில் தொடங்கிய பயணம்

ஹிர்ஷ்ஃபெல்ட் 1884 ஆகஸ்ட் 5 அன்று வார்சாவில் பிறந்தார். அன்று வார்சா ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. நெசவாலைகளுக்குப் பெயர்போன லோட்ஸ் நகரத்தில் வளர்ந்தார். மருத்துவம் படிக்க ஜெர்மனிக்குச் சென்றார். முதலில் வூர்ட்ஸ்புர்க், பிறகு பெர்லின். 1907இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரைப் போலவே மருத்துவம் படித்த ஹான்னா காஸ்மனை மணந்துகொண்டார். ஹான்னா பின்னாளில் குழந்தை மருத்துவத்தில் பெயர்பெற்றார். கணவருடைய மிக முக்கியமான ஆய்வொன்றில் அவர் சம உரிமையுள்ள ஆசிரியரும்கூட.

ஹைடல்பெர்க்கின் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் எமில் ஃபான் டுங்கெர்னுடன் சேர்ந்து ஹிர்ஷ்ஃபெல்ட் செய்த ஆய்வுதான் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. முதலில் நாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு அந்தப் பல்கலைக்கழக நகரின் 72 குடும்பங்களைச் சேர்ந்த 348 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமும் இல்லாத ஏ அல்லது பி பண்பு பிள்ளையிடம் திடீரென்று தோன்றுவதில்லை என்பது அவர்களுடைய முடிவு. 1910இல் வெளியான அந்த முடிவு, மெண்டலின் மரபு விதி மனித உடலிலும் செல்லும் என்பதற்குக் கிடைத்த உறுதியான தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று. மரபணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்ற கணக்கில் அவர்கள் முன்வைத்த மாதிரியை 1924இல் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் திருத்தினார். ரத்தவகை மரபாக வருகிறது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

1911இல் தம்பதியர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்துக்குப் பெயர்ந்தார்கள். அமைதியான நாடு, நிலையான வேலை, ஆய்வகம் எல்லாம் இருந்தன. முதல் உலகப் போர் மூண்டபோது அவர்கள் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர்கள் தேர்ந்த வழி வேறு.

சீலைப்பேனோடு முதல் சந்திப்பு

1915இல் செர்பியாவை டைஃபஸ் காய்ச்சல் வாட்டியது. நம் ஊரில் பரவலாக அறியப்பட்ட டைஃபாய்டு வேறு, இது வேறு. டைஃபாய்டு அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது. டைஃபஸைப் பரப்புவது சீலைப்பேன். துணியின் மடிப்பிலும் தையலிலும் குடியிருக்கும் அந்தப் பேன், நோயாளியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு அடுத்தவர் உடலுக்கு நகர்கிறது. அதன் கழிவில் உள்ள கிருமி, சொறிந்த தோல் வழியாக உள்ளே புகுகிறது. டைஃபஸைப் பரப்புவது பேன்தான் என்பதை 1909இல் துனிசில் சார்ல் நிக்கோல் கண்டறிந்தார். குளிக்கவும் உடை மாற்றவும் முடியாத இடமெல்லாம் டைஃபஸின் நிலம். போர்முனை, அகதி முகாம், சிறைச்சாலை ஆகியவற்றில் அது தொடர்ந்து வந்திருக்கிறது. செர்பியாவில் மட்டும் அந்த ஆண்டு 1,50,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாட்டிலிருந்த மருத்துவர்களில் கணிசமானவர்கள் நோயாளிகளைக் கவனித்தே இறந்துபோனார்கள்.

அந்த நாட்டுக்கு ஹிர்ஷ்ஃபெல்ட் உதவச் சென்றார். ஹான்னாவும் சென்றார். 1919 வரை செர்பியப் படையோடு அவர்கள் பணியாற்றினார்கள். கிரீஸின் தெசலோனிக்கி நகரில் தொற்றுநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது, டைஃபாய்டை ஒத்த காய்ச்சலை உண்டாக்கும் பாராடைஃபாய்டு ‘சி’ என்னும் கிருமியை ஹிர்ஷ்ஃபெல்ட் கண்டறிந்தார். நீண்ட காலம் அந்தக் கிருமிக்கு அவர் பெயரே வழங்கியது.

தெசலோனிக்கி அன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த படையினர் கூடிய இடம். பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, செர்பியா, ரஷ்யா ஆகிய நாடுகளின் வீரர்களோடு செனகல், மடகாஸ்கர், வியட்நாம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து காலனி அரசுகள் கொண்டுவந்த வீரர்களும் இருந்தார்கள். போர்க் கைதிகளும், உள்ளூர் யூதர்களும், அகதிகளும் இருந்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் 16 மக்கள் குழுக்களிலிருந்து 8,000க்கும் மேற்பட்டோரிடம் ரத்தம் சோதித்தார்கள். 1919 அக்டோபரில் ‘லான்செட்’ இதழில் இருவர் பெயரிலும் வெளியான அந்தக் கட்டுரை, மக்கள்தொகை மரபியல் என்ற துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

எல்லா மக்களிடமும் எல்லா ரத்தவகைகளும் இருந்தன. விகிதம் மட்டும் மாறியது. வடமேற்கு ஐரோப்பாவில் ஏ மிகுதி. இந்திய வீரர்களிடம் பி மிகுதி. ஏ பண்பு உடையோரின் தொகையை பி பண்பு உடையோரின் தொகையால் வகுத்து ஒரு குறியெண் உண்டாக்கினார்கள். ஆங்கிலேயருக்கு அது 4.5, இந்தியருக்கு 0.5. ஓர் ஆங்கிலேயருக்கும் ஓர் இந்தியருக்கும் ஒரே வகை ரத்தம் ஓடலாம், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கு வேறுவேறு வகை ஓடலாம் என்பதே அந்தக் கட்டுரையின் எண்களைக் கூர்ந்து படிப்பவருக்குக் கிடைக்கும் பாடம். ஆனால் அந்தக் குறியெண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உயிர்வேதி இனக் குறியெண்’. ‘இனம்’ என்ற சொல் ஆய்வுக்குள் இப்படி நுழைந்தது. அதற்கு அவர்கள் காலத்தின் அறிவியல் இடம்கொடுத்தது. அதன் விளைவை அவர்களே பின்னர் பார்க்க நேர்ந்தது.

கைமாறிய குறியெண்

போர் முடிந்து போலந்து மீண்டும் தனி நாடானது. ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர் வார்சா திரும்பினார்கள். ரஷ்ய உள்நாட்டுப் போரிலிருந்து அகதிகளோடு டைஃபஸும் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த காலம் அது. புதிதாக உருவான தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் பொறுப்பேற்றார். ஊநீர் தயாரிப்பு, கிருமியியல் ஆய்வு, மருத்துவர்களுக்குப் பயிற்சி என அந்த நிறுவனம் அவர் கையில் வளர்ந்தது. 1931இல் வார்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த ஆண்டுகளில்தான் அவர் கத்தோலிக்கத்தைத் தழுவினார். தம்மைப் போலந்துக்காரராகவே கருதினார். மகள் மரியாவும் அந்த உணர்விலேயே வளர்ந்தார்.

இதற்கிடையில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ரத்தவகை ஆய்வு வேறு கைகளுக்குப் போனது. 1926இல் மானுடவியலாளர் ஓட்டோ ரேஹேயும் கடற்படை மருத்துவர் பாவுல் ஷ்டெஃபானும் ஜெர்மன் ரத்தவகை ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏ வகையை மேலான வடபுல இனத்தின் அடையாளமாகவும், பி வகையைக் கிழக்கிலிருந்து வந்த கலப்பின் அடையாளமாகவும் காட்டிவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்தைச் சோதித்தும் அந்த ஆசை நிறைவேறவில்லை. தனிமனிதரின் இனத்தைச் சொல்லும் ரத்தவகை எதுவும் கிடைக்கவில்லை.

ஹிர்ஷ்ஃபெல்ட் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1938இல் பிரெஞ்சு மொழியில் வெளியான தம்முடைய நூலில், ரத்தவகைகளை இனப் பெருமையோடு முடிச்சுப் போடுபவர்களிடமிருந்து தம்மை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார். தாம் உருவாக்கிய கருவி தவறான கைக்குப் போகும்போது, அது என் பொறுப்பல்ல என்று சொல்லி ஒதுங்கிவிடுவது எளிது. அவர் அப்படி ஒதுங்கவில்லை. ஆனால் ஒரு நூலின் மறுப்பு கேட்கும் நிலையில் ஐரோப்பா அப்போது இல்லை.

தாத்தா பாட்டியின் பதிவேடு

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் புகுந்தது. மாத இறுதியில் வார்சா வீழ்ந்தது. ஹிர்ஷ்ஃபெல்ட் தாமே வளர்த்த நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். யூதர்கள் வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் பொறித்த பட்டையைக் கையில் அணிய வேண்டும் என்ற ஆணை அந்த ஆண்டு நவம்பரில் வந்தது.

யார் யூதர்? 1935இன் நூரம்பெர்க் சட்டங்கள் வகுத்த வழியையே ஆக்கிரமிப்பு அரசு போலந்திலும் பின்பற்றியது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் அவர் யூதர். அந்தத் தாத்தா பாட்டி யூதர் என்பதற்கு என்ன சான்று? அவர்கள் யூத சமயச் சபையில் உறுப்பினராக இருந்தார்கள் என்ற பதிவு. ரத்தத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டம், கடைசியில் ஒரு சமயப் பதிவேட்டில் போய் முடிந்தது. ரத்தத்தில் தேடினால் கிடைக்காது என்பதால்தான் காகிதத்தில் தேடினார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் கத்தோலிக்கர் என்பதோ, அவருடைய மகளுக்கு யூத சமய வாழ்க்கையோடு தொடர்பே இல்லை என்பதோ கணக்கில் வரவில்லை.

1940 நவம்பர் 16 அன்று வார்சா கெட்டோ மூடப்பட்டது. சுமார் 3.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். அறைக்குச் சராசரியாக ஏழு பேர். மறு ஆண்டு பிப்ரவரியில் ஹிர்ஷ்ஃபெல்ட் குடும்பமும் உள்ளே போனது. கிஷிபோவ்ஸ்கி சதுக்கத்தில் இருந்த அனைத்துப் புனிதர் ஆலயம் கெட்டோவின் எல்லைக்குள் அகப்பட்டிருந்தது. யூதப் பிறப்புடைய கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் கெட்டோவில் இருந்ததால் ஆலயம் இயங்கியது. அதன் பங்குத்தந்தை மார்செலி கோட்லெவ்ஸ்கி, ஹிர்ஷ்ஃபெல்ட் குடும்பத்தைத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். போருக்கு முன் யூதர்மீது பகைமை பாராட்டிய தேசியவாதிகளின் பக்கம் இருந்தவர் அவர். கண்முன் நடந்ததைப் பார்த்து மாறினார். யூதக் குழந்தைகளை மதிலுக்கு வெளியே கடத்தவும், ஞானஸ்நானச் சான்றிதழ்கள் கொடுக்கவும் துணிந்தார். 2009இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் அவரை அறவோராக அங்கீகரித்தது. மாற்றத்துக்கு இடமே இல்லாத மனிதர் என்று எவரையும் முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது என்பதற்கு அவர் சான்று.

கெட்டோவில் மதம் மாறியவர்கள்மீது கசப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தம் சமூகத்தை விட்டுப் போனவர்கள் இப்போது வந்து பொறுப்புகளில் அமர்கிறார்களே என்ற மனத்தாங்கல் பலருக்கு. ஹிர்ஷ்ஃபெல்ட் அந்தக் கசப்பின் நடுவில்தான் வேலை செய்தார். அவர்களுடைய நம்பிக்கையைப் பதவியால் பெற முடியாது, பயன்படுவதால்தான் பெற முடியும்.

அரசு உண்டாக்கிய கொள்ளைநோய்

கெட்டோவை நியாயப்படுத்த ஆக்கிரமிப்பு அரசு சொன்ன காரணம் சுகாதாரம். யூதர்கள் டைஃபஸைப் பரப்புகிறவர்கள், எனவே அவர்களைப் பிரித்துவைக்க வேண்டும் என்று ஜெர்மன் சுகாதார அதிகாரிகளே வாதிட்டார்கள். 1940 வசந்தத்திலேயே ‘கொள்ளைநோய்ப் பகுதி’ என்ற பெயரில் மதில் எழத் தொடங்கியது. யூதர், பேன், டைஃபஸ் மூன்றையும் ஒன்றாக்கிக் காட்டும் சுவரொட்டிகள் போலந்து முழுவதும் ஒட்டப்பட்டன.

உண்மை நேர்மாறானது. சோப்பு இல்லை, எரிபொருள் இல்லை, வெந்நீர் இல்லை. மாற்று உடை பசிக்காக விற்கப்பட்டது. வேறு ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வெறுங்கையோடு கெட்டோவுக்குள் திணிக்கப்பட்டார்கள். 1941இல் யூதர் ஒருவருக்கு அதிகாரபூர்வப் பங்கீட்டில் கிடைத்த உணவு நாளுக்குச் சுமார் 184 கலோரி. ஜெர்மானியருக்கு 2,600க்கும் மேல். இந்த நிலையில் டைஃபஸ் வராமல் இருந்தால்தான் வியப்பு. நோய் பரவுவதற்கான எல்லா ஏற்பாடுகளையும் செய்துவிட்டு, பரவியதும் நோயைக் காட்டி மக்களைக் குற்றவாளியாக்கினார்கள்.

1941 அக்டோபர் நடுவில் போலந்தின் கிரினிட்சா நகரில் ஜெர்மன் மருத்துவர்களும் சுகாதார அதிகாரிகளும் ஒரு மாநாடு கூட்டினார்கள். அங்கே தலைமைச் சுகாதார அதிகாரி யோஸ்ட் வால்பாவும், கெட்டோ யூதரைப் பட்டினிபோட்டுச் சாகவிடுவது அல்லது சுட்டுக்கொல்வது என்ற இரண்டு வழிகளே உள்ளன என்ற பொருளில் பேசினார். அவையோர் கைதட்டினார்கள். அதே வாரத்தில், கெட்டோவை விட்டு அனுமதியின்றி வெளியேறுவோருக்கும் அவர்களுக்கு இடம்கொடுப்போருக்கும் மரண தண்டனை என்ற ஆணை வெளியானது. மருத்துவம் படித்தவர்கள், மருத்துவத்தின் சொற்களைக்கொண்டு, கொலைக்கு ஒப்புதல் கொடுத்த இடம் அந்த மாநாடு.

மதிலுக்குள் நடந்த மருத்துவம்

கெட்டோவில் டைஃபஸ் ஒழிப்பு என்ற பெயரில் முதலில் நடந்தது கொடுமை. ஒரு வீட்டில் நோயாளி இருப்பது தெரிந்தால் கட்டடம் முழுவதும் அடைக்கப்படும். அங்கிருப்போர் அனைவரும் குளியல் நிலையத்துக்கு ஓட்டிச்செல்லப்பட்டுக் குளிரில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். துணியும் படுக்கையும் நீராவியில் பாழாகும், அல்லது களவுபோகும். கையூட்டுக் கொடுக்க முடிந்தவர்கள் தப்பினார்கள். முடியாதவர்கள் நோயாளியை மறைத்தார்கள். மறைக்கப்பட்ட நோயாளியிடமிருந்து பேன் அடுத்த அறைக்குப் போனது. நோயைத் தடுக்க வந்த நடவடிக்கையே நோயைப் பரப்பியது.

செர்பியாவிலும் தெசலோனிக்கியிலும் இந்த நோயை முகத்துக்கு முகம் பார்த்த ஹிர்ஷ்ஃபெல்ட், இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். கெட்டோவின் சுகாதார மன்றத்துக்கு அவர் தலைவரானார். யூத நிர்வாக மன்றத்தின் சுகாதாரத் துறைக்குத் தலைமை வகித்த மருத்துவர் இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கியோடு சேர்ந்து இயங்கினார். அவருடைய அணுகுமுறை எளியது: மக்களை அச்சுறுத்தினால் ஒளிப்பார்கள், நம்பிக்கை தந்தால் ஒத்துழைப்பார்கள். துணியைச் சூடுபடுத்திப் பேனை அழிப்பது எப்படி, நோயாளியைத் தனியே வைத்துக் கவனிப்பது எப்படி என்று பொதுமக்களுக்குக் கற்பிக்கும் கூட்டங்கள் நடந்தன. வீட்டுக் குழுக்கள் சுத்தத்தைக் கவனித்தன. கஞ்சித்தொட்டிகள் இயங்கின. லிவோவ் நகரில் ருடால்ஃப் வைகல் நடத்திய ஆய்வகத்தில் பேன்களின் குடலைப் பிரித்தெடுத்துத் தயாரித்த தடுப்பூசி, மிகச் சிறிய அளவிலேனும், ரகசியமாகக் கெட்டோவுக்குள் வந்தது.

இன்னொரு பணி கல்வி. யூத இளைஞர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டிருந்தது. கொள்ளைநோய்த் தடுப்புப் பயிற்சி என்று சொல்லி அனுமதி வாங்கி, 1941 மேயில் பேராசிரியர் யூலியுஷ் ட்ஸ்வைபாவும் ஒரு வகுப்பைத் தொடங்கினார். வெளித்தோற்றத்தில் அது சுகாதாரப் பயிற்சி. உள்ளே நடந்தது முறையான மருத்துவக் கல்லூரிப் பாடம். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் பசியோடு உட்கார்ந்து உடற்கூறும் கிருமியியலும் கற்றார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் அங்கே பாடம் நடத்தினார். ரத்தத்தைப் பற்றியும் இனத்தைப் பற்றியும் அவர் பேசியபோது, ரத்தத்தின் பெயரால் மதிலுக்குள் தள்ளப்பட்டவர்கள் அந்தச் சொல்லின் உண்மைப் பொருளை அதைக் கண்டறிந்தவர் வாயிலாகவே கேட்டார்கள். பட்டம் பெற உயிரோடு இருப்போமா என்று அவர்களில் எவருக்கும் தெரியாது. பெரும்பாலோர் இருக்கவில்லை. பிழைத்த சிலருக்கு அந்தப் படிப்பு போருக்குப் பின் அங்கீகரிக்கப்பட்டது.

அதே காலத்தில் மிலெய்கோவ்ஸ்கியும் அவருடைய சக மருத்துவர்களும் பட்டினியை ஆராய்ந்தார்கள். தாங்களே பட்டினியில் வாடியபடி, பட்டினி மனித உடலை என்ன செய்கிறது என்று அளந்து குறித்தார்கள். கையெழுத்துப் படி மதிலுக்கு வெளியே கடத்தப்பட்டுக் காப்பாற்றப்பட்டது. 1946இல் அது நூலானபோது அதை எழுதியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

இவ்வளவும் எதையாவது சாதித்ததா? 1941 அக்டோபர் இறுதியில், குளிர்காலத்தின் வாசலில், டைஃபஸ் உச்சத்துக்குப் போக வேண்டிய நேரத்தில், கெட்டோவில் நோய் தணியத் தொடங்கியது. இதை அற்புதம் என்று சிலர் அன்றே கருதினார்கள். 2020இல் கணித உயிரியலாளர் லூயி ஸ்டோன் தலைமையிலான குழு ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் இதைக் கணித மாதிரிகள்கொண்டு ஆராய்ந்தது. நோய் தானாக அடங்கும் அளவுக்குப் பெரும்பான்மையானோருக்கு அது வந்திருக்கவில்லை. மக்களுக்குக் கொடுத்த சுகாதாரக் கல்வி, தனிமைப்படுத்தல், சுத்தம், கடத்திவந்த உணவு என எல்லாம் சேர்ந்துதான் நோயின் போக்கைத் திருப்பியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. இந்தப் பெருமை ஹிர்ஷ்ஃபெல்ட் ஒருவருக்கு உரியதல்ல. மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவர்கள், வீட்டுக் குழுவினர், மதில் ஓட்டைவழி உருளைக்கிழங்கு கடத்திய சிறுவர்கள் எல்லோருக்கும் உரியது.

மரியா

டைஃபஸிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களைக் கொல்ல அரசு வேறு வழி வைத்திருந்தது. 1942 ஜூலை 22 அன்று பெரும் வெளியேற்றம் தொடங்கியது. மறுநாள் யூத நிர்வாக மன்றத் தலைவர் ஆடம் செர்னியாகோவ் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பருக்குள் சுமார் 2,65,000 பேர் ரயிலேற்றப்பட்டு ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மருத்துவமனை நோயாளிகளும், அனாதை இல்லக் குழந்தைகளும், அவர்களை விட்டுப் பிரிய மறுத்த குழந்தை மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கும் அவர்களில் அடக்கம். மிலெய்கோவ்ஸ்கியும் 1943 ஜனவரியில் உயிரிழந்தார்.

ஹிர்ஷ்ஃபெல்ட் குடும்பம் கெட்டோவிலிருந்து தப்பி வெளியேறியது. போலந்து நண்பர்களின் துணையோடு, பொய்ப் பெயரில், ஊர்விட்டு ஊர் மாறி ஒளிந்து வாழ்ந்தது. இடம்கொடுத்த ஒவ்வொரு வீட்டாரும் தம் உயிரைப் பணயம் வைத்தே கொடுத்தார்கள். கெட்டோவிலேயே உடல் நலிந்திருந்த மரியாவால் அந்த அலைச்சலைத் தாங்க முடியவில்லை. 1943இல் அவர் இறந்தார். தகப்பன் கிருமியியலில் ஐரோப்பா அறிந்த பேராசிரியர், தாய் குழந்தை மருத்துவர். ஆயிரக்கணக்கான பிறர் பிள்ளைகளைக் கவனித்த அந்த இருவருக்கும் தம் ஒரே பிள்ளையை முறையான மருத்துவமனையில் சேர்க்கும் உரிமை இல்லை. மரியாவை நோய் கொன்றது என்று எழுதுவது பாதி உண்மை. மருத்துவம் கிடைக்காமல் செய்த சட்டமும் அந்த மரணத்துக்குக் காரணம்.

ஒளிந்திருந்த காலத்தில் ஹிர்ஷ்ஃபெல்ட் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ‘ஒரு வாழ்வின் கதை’ என்ற அந்த நூல் 1946இல் போலிஷ் மொழியில் வந்தது. கெட்டோவின் மருத்துவ வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்றும் முதலில் தேடிப் படிக்கும் நூல்களில் அது ஒன்று.

போருக்குப் பின்

1944இல் லூப்ளின் நகரம் விடுவிக்கப்பட்டதும் ஹிர்ஷ்ஃபெல்ட் அங்கே சென்று புதிய பல்கலைக்கழகத்தைக் கட்டியெழுப்பும் பணியில் சேர்ந்தார். 1945இல் வ்ரோட்ஸ்வாவுக்குப் போனார். போர்வரை பிரெஸ்லாவ் என்ற பெயரில் ஜெர்மனியிடம் இருந்து, போலந்துக்கு மாறிய இடிபாட்டு நகரம் அது. அங்கே மருத்துவப் புலத்தின் தலைவரானார். ஹான்னா குழந்தை மருத்துவப் பேராசிரியரானார். தாய்க்கும் கருவிலிருக்கும் குழந்தைக்கும் ரத்தம் ஒவ்வாமல் போவதால் நேரும் குழந்தை மரணங்கள் ஹிர்ஷ்ஃபெல்டின் கடைசிக்கால ஆய்வுப் பொருளாயின. மகளை இழந்த தம்பதியர், பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் வேலையில் மீதி ஆண்டுகளைச் செலவிட்டார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் 1954 மார்ச் 7 அன்று காலமானார். ஹான்னா 1964இல் மறைந்தார். வ்ரோட்ஸ்வாவில் ஹிர்ஷ்ஃபெல்ட் தொடங்கிய நோயெதிர்ப்பியல் ஆய்வு நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

அவர் பிழையற்ற மனிதர் அல்லர். மக்களை இனமாக வகுக்கும் குறியெண்ணுக்குத் தாமே பெயரிட்டவர். ஆனால் அதை மற்றவர்கள் ஆயுதமாக்கியபோது எழுத்தில் மறுத்தார். மறுத்ததன் உண்மையை மதிலுக்குள் மாணவர்கள் முன் நின்று கற்பித்தார். அவருடைய எதிரிகளில் பலர் அவரைப் போலவே ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்தவர்கள். அறிவு இரு தரப்பிலும் இருந்தது. நோயாளியை மனிதராகப் பார்ப்பதா, ஒரு சமூகத்தையே நோயாகப் பார்ப்பதா என்ற இடத்தில்தான் அவர்கள் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவினை 1945உடன் முடிந்துவிடவில்லை. ஒரு தொற்றுநோய் வரும்போதெல்லாம் ஏதோ ஒரு சமூகத்தின் பெயர் அதனோடு ஒட்டப்படுவதைப் பார்க்கிறோம். அகதிகளின் அழுக்கும் ஏழைகளின் நெரிசலும் அவர்களுடைய குணமாகப் பேசப்படுகின்றன. அந்த நெரிசலை உண்டாக்கியது யார், தண்ணீரையும் சோப்பையும் உணவையும் தடுத்தது யார் என்று கேட்பது மருத்துவத்தின் கடமை. மருத்துவர்கள் கேட்கத் தவறினால் குடிமக்கள் கேட்க வேண்டும். ஹிர்ஷ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் கெட்டோவில் அதைக் கேட்டார்கள், கேட்டதோடு நில்லாமல் வேலையும் செய்தார்கள். மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் அந்த வரலாறு பாடமாக இருக்க வேண்டும்.